ஃபைபர் வேலைக்கு வருகிறீர்களா? முதலில் உப்புத்தாளைப் பிடியுங்கள்

ஃபைபர் கிளாஸ் வேலை கற்றுக்கொள்ள ஆசை என்று வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்த ரெசின் வாங்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, ஒரே பலகையை மூன்று நாள் உட்கார்ந்து தேய்க்கிற பொறுமை இருக்கிறதா என்று. கிண்டலுக்குக் கேட்பதில்லை. ரெசின் என்பது கண்ணாடி இழையில் ஊறி இறுகும் திரவம், இந்தத் தொழிலில் அதைத் தடவுகிற நேரம் கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் பேட்டர்ன் என்கிற மாதிரி வடிவத்தைச் செய்வதிலும், அதைத் தேய்ப்பதிலும், பட்டி வைத்து மறுபடி தேய்ப்பதிலும் போகும். நாம் செய்கிற பொருள் மோல்டு என்கிற அச்சின் நகல், மோல்டு பேட்டர்னின் நகல். பேட்டர்னில் நகத்தால் கீறின அளவுக்கு ஒரு கோடு இருந்தால் அந்த மோல்டிலிருந்து வரும் ஐம்பது பீஸிலும் அந்தக் கோடு இருக்கும், ஐம்பதையும் தனித்தனியாகத் தேய்க்க வேண்டியது நீங்கள்தான்.

சரி, எங்கே தொடங்குவது? முடிந்தால் ஒரு பட்டறையில் உதவியாளாகச் சேருங்கள். எந்தப் பட்டறை என்பது முக்கியம். வருஷம் முழுக்க ஒரே அளவு தண்ணீர்த் தொட்டி அடிக்கிற இடத்தில் ரோலர் பிடிக்கக் கை பழகும், அதோடு சரி. படகு ரிப்பேர், வண்டி பாடி, சிலை, ஒன்றிரண்டு மட்டும் செய்து தரும் ஸ்பெஷல் ஆர்டர் என்று தினம் ஒரு தலைவலி வருகிற இடத்தில்தான் மோல்டு எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கலாம். ஆரம்பத்தில் மேட் என்கிற கண்ணாடி இழை விரிப்பை வெட்டுவதும், ரோலர் கழுவுவதும், தூசி கூட்டுவதும்தான் கிடைக்கும். வெட்கப்பட வேண்டாம், மேட் வெட்டுகிறவனுக்குத்தான் எந்த இடத்தில் எத்தனை லேயர் போகிறது என்பது முதலில் தெரிகிறது.

பட்டறை கிடைக்காதவர்கள் வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் ஒரு கண்ணாடிப் பலகையை வைத்தே பழகலாம். ஒட்டாமல் பிரிய கண்ணாடியின் மேல் வேக்ஸ் போட்டு, பொருளின் வெளிப்பரப்பாக வரும் ஜெல்கோட் என்ற ரெசின் பூச்சை அடித்து, அது பதத்துக்கு வந்ததும் இரண்டு லேயர் மேட் போட்டு, மறுநாள் பிரித்துப் பாருங்கள். அடுத்ததை ஜெல்கோட் இல்லாமல் செய்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எங்கெல்லாம் காற்று சிக்கியிருக்கிறது என்று வெள்ளை வெள்ளையாகத் தெரியும். பத்துப் பலகை வீணாகட்டும். ஒரு சின்னத் தராசு மட்டும் கட்டாயம் வாங்குங்கள். மேட்டை முதலிலேயே எடை போட்டு எழுதி வைத்துவிட்டு, ஜெல்கோட் இல்லாமல் செய்த பீஸ் நன்றாக இறுகிப் பிரித்ததும் அதையும் எடை போடுங்கள். கையால் போட்ட மேட் வேலையில் கண்ணாடி இழை மொத்த எடையில் 30 சதவீதம் வந்தால் நல்ல கை. 20 சதவீதம்தான் வருகிறதென்றால் ரெசினைக் குளம் கட்டியிருக்கிறீர்கள். ரெசின் அதிகமானால் பொருள் கெட்டிப்படும் என்று நினைப்பது புதுசாக வருகிற எல்லோரும் செய்யும் தப்பு. பலம் கண்ணாடி இழையில் இருக்கிறது, ரெசின் அதைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். ரெசின் மட்டும் தேங்கிய இடம் ஓடு மாதிரி விரிசல் விடும்.

கணக்குக்கு இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 450 கிராம் மேட் என்றால் ஒரு சதுர மீட்டர் 450 கிராம் எடை. அதற்கு ஏறக்குறைய 1 கிலோ ரெசின் குடிக்கும், இறுகியபின் சுமார் 1 மிமீ தடிமன் தரும். நெய்த ரோவிங், அதாவது தடித்த இழைக்கற்றையில் நெய்த துணி, குறைவாகக் குடிக்கும், அதன் எடைக்குச் சமமான ரெசின் போதும். ஜெல்கோட் அரை மிமீ தடிமனுக்கு, சதுர மீட்டருக்கு 600 கிராம் பக்கம் ஆகும்.

இனி ரெசின். பழகுவதற்கு சாதாரண பாலியஸ்டர் ரெசின் போதும். எப்போதும் தண்ணீரில் கிடக்கப்போகிற பொருளுக்கு ஐசோ வகைப் பாலியஸ்டர், ரசாயனம் படுகிற இடத்துக்கு வினைல் எஸ்டர், பலமும் ஒட்டும் பிடியும் முக்கியமான இடத்துக்கு எபாக்ஸி என்று பின்னால் போகலாம். இறுகிய பாலியஸ்டர் மேல் எபாக்ஸி நன்றாக ஒட்டும், ஆனால் இறுகிய எபாக்ஸி மேல் பாலியஸ்டர் சரியாக ஒட்டாது. இன்னொன்று, சாதாரண மேட்டில் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பானில் கரைவதற்காகவே செய்யப்பட்டது. எபாக்ஸியில் அது கரையாமல் மேட் விறைத்துக்கொண்டு நிற்கும், அங்கே நெய்த துணி அல்லது தைத்த துணிதான் சரி.

பாலியஸ்டரை இறுக வைக்கச் சேர்ப்பது, ஹார்ட்னர் என்று நாம் சொல்லும் எம்இகேபி, ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். 1 கிலோவுக்கு 15 கிராம் என்று ஆரம்பியுங்கள். கண்ணளவு வேண்டாம், மூடியளவும் வேண்டாம், எடை போடுங்கள் அல்லது அளவுக்குழாயில் ஊற்றுங்கள். குளிர் அதிகமாக இருந்தால் ஹார்ட்னரை ஏற்றிக்கொண்டே போவது தீர்வு இல்லை, 15 டிகிரிக்குக் கீழே போனால் இடத்தைச் சூடாக்குங்கள் அல்லது அன்றைக்குத் தேய்க்கிற வேலை பாருங்கள். கலந்த ரெசினை மக்கில் அப்படியே வைத்திருந்தால் அதன் சூடு அதற்குள்ளேயே சேர்ந்து, புகைந்து, பிளாஸ்டிக் மக்கே உருகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள், கலந்ததும் மோல்டில் பரப்பிவிடுங்கள்.

இதைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேரடியாகச் சேரவே கூடாது. சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பல ரெசின்களில் கோபால்ட் கலந்தே வருகிறது. அப்படி இல்லையென்றால் முதலில் கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலக்கி, அதற்கப்புறம்தான் ஹார்ட்னர். இரண்டுக்கும் ஒரே அளவுக்குழாய் வைக்காதீர்கள், இரண்டையும் ஒரே அலமாரியிலும் வைக்காதீர்கள்.

பாதுகாப்பு பற்றிப் பேசினால் பழைய ஆட்கள் சிரிப்பார்கள், "முப்பது வருஷமா முகமூடி இல்லாமதான் செய்யறேன்" என்பார்கள். அவர்கள் இருமுவதையும் கேளுங்கள். ஸ்டைரீனை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற வரிசைக்கு உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2018ல் உயர்த்தியது. துணி முகமூடியும், தூசிக்கான முகமூடியும் ஆவியைத் தடுக்காது, கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் போட்ட முகக்கவசம்தான் தடுக்கும். கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிப்போய் வாசனையே தெரியாது, அதனால் வாசனை போய்விட்டது என்று கவசத்தைக் கழற்றாதீர்கள். ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும், ஆகவே ஃபேனைத் தலைக்கு மேலே வைத்துப் பயனில்லை, கீழிருந்து வெளியே இழுக்க வேண்டும். ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்த பாட்டிலைத் திறக்காதீர்கள், பட்டுவிட்டால் அந்த நொடியே தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். கையில் ஒட்டிய ரெசினை அசிட்டோனில் கழுவுவது எல்லோருக்கும் உள்ள கெட்ட பழக்கம். அது தோலின் எண்ணெயை எடுத்துவிடும். கையுறை போட்டால் அந்தப் பிரச்சினையே இல்லை. இழை குத்தி அரிப்பது பழகப் பழகக் குறையும் என்பார்கள், எனக்குக் குறையவில்லை. குளிர்ந்த தண்ணீரில் கழுவி, வேலை உடுப்பைத் தனியாகத் துவைப்பதுதான் வழி.

எனக்கு முதல் பாடம் தெர்மாகோலில் கிடைத்தது. ஒரு வளைவான மூடிக்கு தெர்மாகோலை அழகாகச் செதுக்கி, இரண்டு நாள் வேலை, அதன் மேல் நேராகப் பாலியஸ்டர் ரெசினைத் தடவினேன். கண்ணெதிரே சுருங்கிக் குழியாகி வழிந்தது. ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாலியூரித்தேன் ஃபோம் கரையாது. தெர்மாகோல்தான் கையில் இருக்கிறதென்றால் எபாக்ஸி பூசலாம். எதுவானாலும் ஒரு சின்னத் துண்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மோல்டுக்கு வருவோம். பேட்டர்னை மரம், ஃபோம், பட்டி, களிமண், எதில் செய்தாலும் சரி, ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே செய்யுங்கள்: இது எந்தத் திசையில் வெளியே வரும்? செங்குத்துச் சுவர்களுக்கு 2, 3 டிகிரியாவது சாய்வு கொடுங்கள். உள்பக்கம் மடிந்து திரும்பும் வடிவம் இருந்தால் மோல்டை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்து போல்ட்டு போடும்படி செய்ய வேண்டும். கூர்மையான மூலையில் மேட் மடங்காது, அங்கே காற்று நின்றுவிடும், பிறகு ஜெல்கோட் முட்டை ஓடு மாதிரி உடையும். மூலைகளை 5, 6 மிமீயாவது உருட்டி விடுங்கள். ஓரங்களில் ஒரு பட்டை அளவு விளிம்பு விடுங்கள், பிரிக்கும்போது ஆப்பு சொருக அதுதான் இடம். 80ல் தொடங்கி 1000, 1200 நம்பர் உப்புத்தாள் வரை ஒன்றையும் தாண்டாமல் தேய்க்க வேண்டும். 220க்கு அப்புறம் நேராக 800க்குத் தாவினால் கோடு அப்படியே இருக்கும், பாலிஷ் போட்டபின்தான் பல்லிளிக்கும்.

புது மோல்டுக்கு வேக்ஸ் குறைந்தது 5 கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி விட்டு, அதன் மேல், ஒட்டாமல் பிரிய உதவும் பிவிஏ திரவத்தின் படலம். நான் ஒருமுறை அவசரத்தில் இரண்டு கோட்டோடு நிறுத்தினேன். மோல்டும் பீஸும் ஒன்றாகிவிட்டன, கடைசியில் இரண்டையும் கிரைண்டரால் அறுத்துத் தூக்கிப் போட்டேன், இரண்டு வார வேலை. மோல்டின் தடிமன் பீஸைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும், ஆனால் எல்லா லேயரையும் ஒரே நாளில் போட்டால் சூடேறி, சுருங்கி, கோணிக்கொள்ளும். முதல் லேயர் மெல்லிய 300 மேட்டாகப் போட்டு இறுக விடுங்கள், மீதியை அடுத்தடுத்த நாட்களில் போடுங்கள்.

ஜெல்கோட் பதம் பார்ப்பது எளிது: ஓரத்தில் விரல் வைத்தால் பிசுபிசுக்க வேண்டும், விரலில் ஒட்டி வரக்கூடாது. அதற்கு முன்னாலேயே மேட் போட்டால், அல்லது ஜெல்கோட் ரொம்ப மெல்லிசாக இருந்தால், மேலே வரும் ரெசினின் ஸ்டைரீன் அதைத் தாக்கி முதலைத் தோல் மாதிரி சுருக்கிவிடும். மேட்டைப் பிரஷ்ஷால் இழுக்காதீர்கள், குத்திக் குத்தி நனையுங்கள், அப்புறம் வரிப்பள்ளம் போட்ட இரும்பு ரோலரை ஓட்டிக் காற்றை ஓரத்துக்குத் தள்ளுங்கள். கடைசி லேயரின் மேற்பரப்பு மறுநாளும் கொஞ்சம் பிசுக்காக இருந்தால் பயப்பட வேண்டாம், சாதாரண ரெசின் காற்று படும் பக்கம் அப்படித்தான் இருக்கும். மெழுகு கலந்த ரெசினைக் கடைசிக் கோட்டாக அடித்தால் காயும். ஆனால் அந்த மெழுகின் மேல் இன்னொரு லேயர் போடுவதானால் தேய்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

சம்பாத்தியத்துக்கு என் யோசனை, முதலில் ரிப்பேர். மோல்டு வேண்டாம், முதலீடு குறைவு, வேலை சீக்கிரம் முடியும், உடைந்த பொருளை அறுத்துப் பார்க்கும்போது மற்றவர்கள் என்ன தப்புச் செய்தார்கள் என்பதும் தெரியும். உடைந்த இடத்தின் மேல் ஒட்டுப் போட்டுப் பூசிவிடாதீர்கள். சுற்றிலும் சரிவாகத் தேய்த்து, தடிமனைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவு கொடுத்து, சின்னதிலிருந்து பெரியதாக லேயர்களை அடுக்குங்கள். 4 மிமீ தகடு என்றால் எல்லாப் பக்கமும் 48 மிமீ. அடுத்தது ஒற்றை வேலைகள்: ஸ்பீக்கர் பெட்டி, பைக் ஃபேரிங், டாஷ்போர்டு மூடி. சட்டத்தின் மேல் ஃபிளீஸ் துணியை இழுத்துக் கட்டி ரெசின் குடிக்க வைத்து, பின்பக்கம் மேட் போட்டு, முன்பக்கம் பட்டி வைத்துத் தேய்த்தால் மோல்டே இல்லாமல் வளைவு கிடைக்கும்.

மோல்டு வேலை அப்புறம். இந்தத் தொழில் பிழைப்பதே எண்ணிக்கை குறைவாக இருக்கும் இடத்தில்தான். செவர்லே கார்வெட் 1953ல் ஃபைபர் கிளாஸ் பாடியோடு வந்தபோது அந்த வருஷம் செய்தது வெறும் 300 கார். அந்த எண்ணிக்கைக்கு இரும்புத் தகடு அழுத்தும் டை செய்தால் கட்டுப்படியாகாது. உங்களிடம் வரும் ஆர்டரும் அப்படித்தான் இருக்கும், ஒன்று, ஐந்து, இருபது.

விலை சொல்லும்போது பொருள் கணக்கு சின்னது, 10, 15 சதவீதம் சேதாரம் சேருங்கள். உங்களைக் கவிழ்ப்பது தேய்க்கிற மணிநேரம். முதல் சில வேலைகளில் கடிகாரம் பார்த்து எழுதி வையுங்கள், நினைத்ததைவிட இரண்டு மடங்கு வரும். பேட்டர்ன், மோல்டு, பீஸ் மூன்றுக்கும் தனித்தனியாக விலை எழுதுங்கள், மோல்டு யாருக்குச் சொந்தம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். எனக்கு ஒருவர் முதல் பீஸ் வாங்கிய கையோடு மோல்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார், தாளில் எதுவும் இல்லாததால் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆள் உட்காரும் சீட்டின் பிடிமானம், சஸ்பென்ஷன், அழுத்தம் தாங்கும் தொட்டி போன்ற வேலைகள் வந்தால், கணக்குப் போட்டுத் தர ஒரு பொறியாளர் இல்லாமல் தொடாதீர்கள்.

கூடவே கொஞ்சம் வெல்டிங், கொஞ்சம் தச்சு, ஸ்ப்ரே பெயின்ட் மூன்றும் பழகிக்கொண்டால் வேலை வெளியே போகாது. காற்றை உறிஞ்சி ரெசினை இழைக்குள் இழுக்கும் வேக்குவம் இன்ஃபியூஷன், கம்ப்யூட்டரில் வரைந்து பேட்டர்ன் அச்சடிப்பது எல்லாம் அதற்குப் பிறகு. இன்றைக்கு ஒரு நோட்டு மட்டும் வாங்குங்கள். தேதி, அன்றைய வெப்பம், எவ்வளவு ரெசினுக்கு எவ்வளவு ஹார்ட்னர், எத்தனை நிமிடத்தில் இறுகியது என்று ஒவ்வொரு கலவைக்கும் ஒரு வரி எழுதுங்கள். ரெசின் பிசுபிசுக்கும் கையோடு தேட முடியாது என்பதால் பென்சிலைக் கயிறு கட்டித் தராசுக்குப் பக்கத்திலேயே தொங்க விட்டிருக்கிறேன்.