புரோகிராம் விழுந்த நொடியைப் பிடித்து வைப்பது எப்படி

திண்டுக்கல்லில் ஒரு ஹார்டுவேர் கடையில் நான் எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராம் ஆறு வருடமாக ஓடுகிறது. போன ஆடி மாதம் கடைக்காரரிடமிருந்து போன். "தம்பி, மறுபடியும் தானா மூடிக்கிச்சு. ஆள் பணத்தைக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறாரு." என்ன பொருளுக்கு அண்ணே பில் போட்டீங்க என்று கேட்டேன். "சாயங்காலக் கூட்டம், என்னென்னவோ போட்டேன்" என்றார். அவரிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. கவுன்ட்டரில் நாலு பேர் நிற்கும்போது எந்தப் பட்டனை எப்போது அழுத்தினோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. விழுந்த இடத்தைச் சொல்ல வேண்டியது புரோகிராம்தான். அதைச் சொல்ல வைக்கும் வழிதான் டம்ப்.

ஒரு புரோகிராம் கிராஷ் ஆகும் நொடியில் அதன் மெமரியில் என்ன இருந்தது, ஒவ்வொரு த்ரெட்டும் (உள்ளே ஒரே சமயத்தில் ஓடும் வேலைகளில் ஒவ்வொன்றும்) எந்த ஃபங்ஷனுக்குள், அதாவது கோடின் எந்தப் பகுதிக்குள் நின்றது, எந்தெந்த டிஎல்எல் (புரோகிராம் துணைக்கு ஏற்றும் கோட் ஃபைல்) ஏறியிருந்தன என்பதையெல்லாம் அப்படியே ஒரு ஃபைலாக எழுதி வைத்தால் அதுதான் டம்ப். விழுந்த பிறகு போய் எடுக்க முடியாது. புரோகிராம் மூடியதும் அந்த மெமரி போய்விடும். ஆகவே விழுவதற்கு முன்பே விண்டோஸிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும். கடையில் புரோகிராமை நிறுவும் அன்றைக்கே இதையும் செய்து விடுங்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில், விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவன்ட் வியூவரைப் பாருங்கள். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். கிராஷ் ஆன புரோகிராமுக்கு 1000 என்ற எண்ணில் ஒரு பதிவு இருக்கும். ஹேங் ஆகி மூடப்பட்டிருந்தால் எண் 1002. 1000-க்குள் எந்த மாட்யூலில் (இஎக்ஸ்இ அல்லது டிஎல்எல்) விழுந்தது, என்ன வகைத் தவறு என்று காட்டும் எக்ஸெப்ஷன் கோட் என்ன என்று இருக்கும். திண்டுக்கல் கடையில் நான் பார்த்த கோட் சி0000409. ஃபங்ஷன்கள் தங்கள் தற்காலிகத் தகவலையும் யார் யாரைக் கூப்பிட்டது என்பதையும் வைத்திருக்கும் மெமரிப் பகுதிதான் ஸ்டாக். அந்த ஸ்டாக்கில் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதியிருக்கிறார்கள் என்று பொதுவாக அதற்குப் பொருள். விழுந்த மாட்யூல் என் புரோகிராமேதான். ஆனால் எந்தப் பொருளுக்கு, எந்த வரியில் என்று அதில் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். என் புரோகிராமுக்குள்ளேயே கிராஷைப் பிடித்து லாக் எழுதும் கோட் இருந்தது. அந்த லாக் ஃபைலில் ஒரு வரிகூட இல்லை. ஸ்டாக் கெட்டுப்போனது என்று தெரிந்ததும் விண்டோஸ் 8-லிருந்து புரோகிராம் உடனே நிறுத்தப்படுகிறது. புரோகிராமுக்குள் கிராஷைப் பிடிக்க எழுதி வைத்த எந்த ஹேண்ட்லரையும் விண்டோஸ் கூப்பிடாது. கெட்டுப்போன புரோகிராமின் கோடை மேலும் ஓட விடுவது ஆபத்து என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள், அது சரியான முடிவும்கூட. ஆகவே டம்ப் எடுக்கும் வேலையை வெளியிலிருக்கும் ஒருவரிடம்தான் கொடுக்க வேண்டும். அந்த வெளி ஆள், விண்டோஸோடு கூடவே வரும் விண்டோஸ் எரர் ரிப்போர்ட்டிங். விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக்கிலிருந்தே டம்பை நம் கம்ப்யூட்டரிலேயே எழுதி வைக்கும் வசதி அதில் இருக்கிறது. ஆனால் அது தானாக இயங்காது, நாம்தான் ஆன் செய்ய வேண்டும்.

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் இடம் ரிஜிஸ்ட்ரி. ரிஜிஸ்ட்ரி எடிட்டரை அட்மின் உரிமையுடன் திறங்கள். லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் எரர் ரிப்போர்ட்டிங் என்று வரிசையாக உள்ளே போங்கள். பக்கத்திலேயே விண்டோஸ் என்டி என்று இன்னொன்று இருக்கும், அதற்குள் போய்விட வேண்டாம். எரர் ரிப்போர்ட்டிங்குக்கு அடியில் லோக்கல்டம்ப்ஸ் என்று, இடைவெளி இல்லாமல், ஒரு கீ (ஃபோல்டர் மாதிரி) உருவாக்குங்கள். அதற்கு அடியில் உங்கள் புரோகிராம் ஃபைலின் பெயரிலேயே இன்னொரு கீ. புள்ளி, இஎக்ஸ்இ எல்லாம் சேர்த்து முழுப் பெயர். இந்த இரண்டாவது கீ இல்லாமல் விட்டால் கம்ப்யூட்டரில் விழுகிற மற்ற புரோகிராம்களின் டம்பும் சேர்ந்து குவியும்.

அந்தக் கீக்குள் மூன்று வேல்யூ. டம்ப்ஃபோல்டர் என்பது எங்கே எழுத வேண்டும் என்பது. இதை எக்ஸ்பாண்டபிள் ஸ்ட்ரிங் வகையில் போடுங்கள். கொடுக்காவிட்டால் அந்த யூசரின் ஆப்டேட்டாவில், லோக்கலுக்குள் கிராஷ்டம்ப்ஸ் என்ற ஃபோல்டருக்குப் போகும். நான் டி டிரைவில் தனி ஃபோல்டர் வைக்கிறேன். கடைப் பையன் சாதாரண யூசராக லாகின் செய்கிறான் என்றால் அந்த ஃபோல்டரில் எழுத அவனுக்கு அனுமதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டம்ப் வராது. அடுத்து டம்ப்கவுன்ட், டிவேர்ட் என்ற எண் வகை. எத்தனை டம்ப் வைத்திருக்கலாம் என்ற எண். சொல்லாவிட்டால் 10. எண் நிரம்பிய பிறகு புதிது வந்தால் மிகப் பழையது போய்விடும். மூன்றாவது டம்ப்டைப், இதுவும் டிவேர்ட். 1 என்றால் மினி, 2 என்றால் முழு டம்ப். சொல்லாவிட்டால் மினிதான். மினியில் ஸ்டாக் இருக்கும், புரோகிராம் கையில் வைத்திருந்த தகவல் பெரும்பாலும் இருக்காது. நான் 2 போடுகிறேன். வருடத்துக்கு நாலு முறை விழும் கோளாறுக்கு அடுத்த முறை வரட்டும் என்று காத்திருக்க மனசு வராது.

இதைக் கையால் செய்யாமல் இன்ஸ்டாலரில் சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. என் இன்ஸ்டாலர் 32 பிட், கம்ப்யூட்டரோ 64 பிட். அது எழுதிய கீ வாவ்6432நோட் என்ற கிளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எரர் ரிப்போர்ட்டிங் அங்கே தேடவில்லை. இரண்டு வாரம் டம்ப் வரும் வரும் என்று காத்திருந்து, பிறகு நேரில் போய் ரிஜிஸ்ட்ரியைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. 64 பிட் பக்கத்தில் எழுதச் சொல்லி இன்ஸ்டாலரை மாற்றிய பிறகு சரியானது.

அதனால்தான் சொல்கிறேன், அமைத்தவுடன் ஒருமுறை வேண்டுமென்றே விழ வைத்துப் பாருங்கள். பூஜ்ய முகவரியில் எழுதும் நாலு வரி சோதனை புரோகிராமை அதே பெயரில் வைத்து ஓட்டினால் போதும். புரோகிராம் பெயர், ப்ராசஸ் எண், கடைசியில் டிஎம்பி என்ற பெயருடன் ஃபைல் வந்து நிற்க வேண்டும். வரவில்லையென்றால் கீயின் பெயரையும் ஃபோல்டர் அனுமதியையும் பாருங்கள். அப்புறம் உங்கள் கோடே எல்லா எக்ஸெப்ஷனையும் பிடித்து, மன்னிக்கவும் என்று ஒரு பெட்டி காட்டிவிட்டு மூடுகிறதா என்றும் பாருங்கள். அப்படி மூடினால் புரோகிராம் ஒழுங்காக முடிந்ததாகவே விண்டோஸ் நினைக்கும், டம்ப் எழுதாது.

ஆவணி முதல் வாரத்தில் திண்டுக்கல்லிலிருந்து டம்ப் கிடைத்தது. விண்டிபிஜி என்ற டீபக்கர், அதாவது கோளாறு தேடும் கருவி, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் டம்பைத் திறந்து, ஆச்சரியக்குறியுடன் அனலைஸ், ஒரு இடைவெளி, சிறுகோட்டுடன் வி என்று அடித்தேன். ரசீதுக்கு வரி அமைக்கும் ஃபங்ஷனின் பெயர் வந்தது. அதைக் கூப்பிட்டது யார் என்பது குலைந்து கிடந்தது, ஸ்டாக் கெட்டால் அப்படித்தான் இருக்கும். மெமரி விண்டோவில் அந்த இடத்தைப் பார்த்தேன். ஈ0 ஏஈ, ஈ0 ஏஎஃப் என்று மாறி மாறி வந்துகொண்டே இருந்தது. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது தமிழ் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். பிரித்துப் படித்தால், "இரும்புத் தாழ்ப்பாள் பெரியது".

கடைக்காரர் அந்த வருடம்தான் பொருட்களின் பெயர்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றியிருந்தார். நான் வரிக்கு ஒதுக்கியிருந்தது 64 பைட். யுடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு. அந்தப் பெயரில் 26 குறியீடு, 78 பைட், இரண்டு இடைவெளி, கடைசியில் ஒரு பூஜ்யம். ஆக 81. சின்னத் தாழ்ப்பாளும் ஆணியும் பெயின்ட்டும் வாங்கியவர்களுக்குப் பில் வந்தது. பெயர் நீளமான சில பொருட்களுக்கு மட்டும் புரோகிராம் விழுந்தது. பெரிய தாழ்ப்பாள் வாங்கும் தச்சர்கள் மறுநாள் வேலைக்குச் சாமான் வாங்க சாயங்காலம்தான் கடைக்கு வருவார்கள், அதனால்தான் கூட்ட நேரத்தில் விழுந்தது. தவறு என்னுடையது, அன்று இரவே திருத்திக் கொடுத்தேன். "அண்ணே, பெரிய தாழ்ப்பாள்தான்" என்று சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "ஆமா தம்பி, அன்னிக்கும் தாழ்ப்பாள்தான் போட்டேன்" என்றார்.

விழாமல் அப்படியே உறைந்து நின்றால் மேலே சொன்னது உதவாது. டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கத்தில் புரோகிராமின் மேல் ரைட் கிளிக் செய்தால் டம்ப் ஃபைல் உருவாக்கும் வசதி இருக்கும். என்ட் டாஸ்க் கொடுப்பதற்கு முன்பே அதைச் செய்யச் சொல்லுங்கள். ஃபைல் யூசரின் டெம்ப் ஃபோல்டருக்குப் போகும். புரோகிராம் 32 பிட் என்றால் சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருக்கும் டாஸ்க் மேனேஜரால் எடுப்பது நல்லது. கடைக்காரர் இதையெல்லாம் செய்ய மாட்டார் என்றால் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தரும் புராக்டம்ப் என்ற கருவியை வைத்து விடலாம், விண்டோ பதில் சொல்லாமல் நின்றால் அதுவே எடுத்துவிடும். கம்ப்யூட்டரே நீலத்திரையில் நின்றால் அது வேறு கதை, விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரைப் பாருங்கள்.

இனி பத்திரப்படுத்துவது. டம்ப் மட்டும் இருந்து பயனில்லை. கோடிலிருந்து இஎக்ஸ்இ உருவாக்குவதுதான் பில்ட், அப்போது கூடவே உருவாகும் விவர ஃபைல் பிடிபி. அந்தக் கடையில் ஓடிய அதே பில்டின் பிடிபி ஃபைல் வேண்டும், அப்போதுதான் ஃபங்ஷன் பெயரும் வரி எண்ணும் தெரியும். ஒவ்வொரு பிடிபியும் தன் இஎக்ஸ்இயுடன் ஒரு அடையாள எண்ணால் கட்டப்பட்டது. அதே கோடை மறுபடி பில்ட் செய்தாலும் பொதுவாக எண் மாறிவிடும், டீபக்கர் ஏற்காது. ஆகவே கடைக்குக் கொடுத்த ஒவ்வொரு வெர்ஷனுக்கும் இஎக்ஸ்இ, பிடிபி இரண்டையும் வெர்ஷன் எண் போட்ட ஃபோல்டரில் வைத்து, பேக்கப்பிலும் சேர்த்து விடுகிறேன். டம்பின் பெயரில் தேதி இருக்காது, ப்ராசஸ் எண்தான் இருக்கும். ஆகவே கைக்கு வந்ததும் கடை, தேதி, வெர்ஷன் என்று பெயர் மாற்றி, கடைக்காரர் போனில் சொன்னதை அவர் சொன்னபடியே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிப் பக்கத்தில் வைக்கிறேன்.

முழு டம்பில் வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர், கடன் பாக்கி, சில சமயம் டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகூட அப்படியே கிடக்கும். கடையின் கணக்கு நோட்டை நடுத்தெருவில் வைக்க மாட்டோம் இல்லையா, இதுவும் அந்த நோட்டுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள். 7-ஜிப்பில் பாஸ்வேர்டு போட்டுச் சுருக்கி, பாஸ்வேர்டைத் தனியாகப் போனில் சொல்லச் சொல்கிறேன். சுருக்கினால் அளவும் குறையும், திண்டுக்கல் டம்ப் 380 எம்பி, சுருக்கியபின் 60-க்குள் வந்தது. கோளாறைத் திருத்தி ஒரு மாதம் புகார் வராவிட்டால் டம்பை அழித்துவிட்டு, ஸ்டாக் பட்டியலை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

கடைக் கம்ப்யூட்டரில் ரிஜிஸ்ட்ரி கீயை மட்டும் எடுக்கவில்லை. டம்ப்கவுன்ட் 5 என்று வைத்திருக்கிறேன், ஐந்தும் நிரம்பினாலும் டி டிரைவில் 2 ஜிபிக்கு மேல் போகாது.