ஒரே ஆள், ஒரே ஆட்டம், நான்கு சாதனை: பிளட் பவுலில் சொதப்பும் இடங்கள்

பிளட் பவுல் என்பது எல்ஃப், ட்வார்ஃப் போன்ற கற்பனை இனங்களின் அணிகள் பந்துக்காக அடித்துக்கொள்ளும் பகடை போர்டு கேம். அதை ஆடுகிறவர்களுக்கு என்றைக்காவது இந்த ஆசை வரும். ஒரே வீரர் ஒரே ஆட்டத்தில் பந்தை எதிரணியின் கடைக்கோடிக்குக் கொண்டுபோய் டச்டவுன் போட வேண்டும், பாஸ் கொடுக்க வேண்டும், ஒருவனைக் காயப்படுத்திக் களத்தை விட்டே அனுப்ப வேண்டும் (கேஷுவல்டி), எதிரணி பாஸையும் குறுக்கே புகுந்து பிடிக்க வேண்டும் (இன்டர்செப்ஷன்). இந்த ஆசையால் கையிலிருந்த ஆட்டங்களைத் தோற்றிருக்கிறேன். இங்கே சொல்வது 2020 பதிப்பு விதிகளின்படி.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது இன்டர்செப்ஷனில். மற்ற மூன்றுக்கும் நாமே முயலலாம். இதற்கு எதிராளி பாஸ் போட்டாக வேண்டும். ட்வார்ஃப் அணி பந்தை நடுவில் வைத்து நாலு பக்கமும் ஆள் நிறுத்தி மெதுவாக ஊர்ந்துவரும், பாஸ் என்ற பேச்சே இருக்காது. அந்த ஆட்டத்தில் இந்தக் கனவு வேண்டாம். எல்ஃப் அணி எதிரே வந்தால் சரி, ஆசைப்படலாம். அப்போதும் துல்லியமான பாஸைத் தட்ட ரோலில் 3 கழியும். சுறுசுறுப்பு 2+ உள்ள, அதாவது வழக்கமாகப் பகடையில் 2 அல்லது அதற்கு மேல் விழுந்தாலே போதும் என்ற வார்டான்சருக்கே (எல்ஃப் அணியின் வேகமான ஆட்டக்காரர்) 5 அல்லது 6 விழ வேண்டும், அப்புறம் பிடிக்க இன்னொரு ரோல்.

அடிக்கும் ஆளைத் தேர்ந்தெடுப்பதிலும் கணக்கு இருக்கிறது. கீழே விழுந்த ட்வார்ஃப் பிளாக்கரின் கவசம் உடைய இரண்டு பகடையின் கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் வர வேண்டும், கேஷுவல்டி ஆக மறுபடி 10. மொத்தம் 36-ல் ஒரு வாய்ப்பு. ஹாஃப்லிங் என்ற குள்ள இனத்து ஆள் என்றால் கவசத்துக்கு 7, காயத்துக்கு 9. நூற்றுக்குப் பதினாறு தேறும். குட்டியாக ஒருவன் தனியே நின்றால் மனசாட்சி பார்க்காதீர்கள்.

விதியைச் சரியாகப் படிக்காமல் குதிப்பது அடுத்தது. ஒருமுறை எதிராளி ஒருவனைக் கோட்டுக்கு வெளியே தள்ளினேன், கூட்டம் அவனை மிதித்துத் துவைத்தது. நான் பென்சிலை எடுத்துக் கேஷுவல்டி என்று குறிக்கப் போனேன். எதிரே இருந்தவர் ஒன்றும் பேசாமல் விதிப்புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். கூட்டம் அடித்ததற்கு வீரருக்கு அனுபவப் புள்ளி கிடையாது. கீழே கிடப்பவனை ஃபவுலில் காயப்படுத்தினாலும் அப்படித்தான். பந்தைப் பக்கத்து ஆள் கையில் கொடுப்பதும் பாஸ் ஆகாது. எறிந்தே ஆக வேண்டும், குறி தப்பாமல் போக வேண்டும், நம் ஆள் பிடிக்க வேண்டும். பக்கத்தில் எறிந்தாலும் தூரத்தில் எறிந்தாலும் ஒரே புள்ளிதான், வீரம் காட்டத் தேவையில்லை. மற்ற எல்லோரையும் நகர்த்திவிட்டுக் கடைசியில் எறியுங்கள். தவறினால் டர்ன் (நம் முறை) அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொன்று, ஒரே டர்னில் பகடையை அடுக்குவது. 3+ ரோல் மூன்றும் வரிசையாகத் தேறுவது நூற்றுக்கு முப்பது தடவைதான்.

இது தெரிந்தும் செய்தேன். கடைசி டர்ன், 2-0 முன்னிலை, என் வார்டான்சருக்குக் கேஷுவல்டி மட்டும்தான் பாக்கி. இரண்டு பேரைத் தாண்டினால் தனியே நிற்கும் ஒருவன். முதல் டாட்ஜில் (எதிராளியிடமிருந்து நழுவும் ரோல்) 1, மறுபடி உருட்டிய ரீரோலிலும் 1. விழுந்தது என் வார்டான்சர்தான், அவர் கவசம் உடைந்து கேஷுவல்டியும் ஆனது, 16 முகப் பகடையில் 15 விழுந்தது. சாவு. ஆட்டத்துக்கு ஒரே தடவை உதவும் அணி வைத்தியரான அப்போதெக்கரியை முதல் பாதியிலேயே ஒரு சாதாரண லைன்மேனுக்குச் செலவழித்திருந்தேன்.