ஒப்பரேஷனுக்கு முன்: மயக்க மருந்து வைத்தியரிடம் என்ன சொல்ல வேண்டும்?

நான் தியேட்டர் தாதி. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் யாருக்கு ஒப்பரேஷன் என்றாலும், "அக்கா, முழு மயக்கமா, முதுகில் ஊசியா?" என்று என்னிடம்தான் வருவார்கள். அதை முடிவெடுப்பது மயக்க மருந்து வைத்தியர். ஆனாலும் எது என்ன செய்யும் என்று தெரிந்தால் அவர் கேட்பதற்குச் சரியாகப் பதில் சொல்லலாம்.

பல் பிடுங்க, காயம் தைக்க லிக்னோகெயின் போதும். அந்த இடம் மட்டும் விறைக்கும்.

சிசேரியனுக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி. முள்ளந்தண்டு நீரில் புபிவக்கெயின் என்ற விறைக்கும் மருந்தை ஒரே தரத்தில் ஏற்றுவார்கள். சில நிமிடத்தில் கால் கனத்துவிடும். வெட்டும் வலி இருக்காது. ஆனால் இழுப்பதும் அமத்துவதும் தெரியும், அதற்குப் பயப்படாதீர்கள். குமட்டினால், தலை சுற்றினால் உடனே சொல்லுங்கள். பிரஷர் இறங்கியிருக்கலாம், மருந்து கொடுத்து ஏற்றிவிடுவார்கள். பிரசவ வலிக்கான எபிடியூரல் வேறு. முதுகில் மெல்லிய குழாய் வைத்து, வேண்டிய நேரத்தில் மருந்து விடுவார்கள்.

முழு மயக்கம் ஒரே மருந்தின் வேலை அல்ல. நித்திரையாக்கப் பால் நிறத்துப் புரொபோபோல். ஏறும்போது கை எரியலாம். வலிக்கு ஃபென்டனில், தசை தளர அட்ராகுரியம், நித்திரை கலையாதிருக்க செவோஃப்ளுரேன் வாயு. ஊசிக்கு அழும் பிள்ளைக்கு அந்த வாயுவை முகமூடியில் கொடுத்தே தூங்க வைப்பதுண்டு. விபத்தில் இரத்தம் இழந்தவரை நித்திரையாக்கக் கெற்றமின் உதவும், அது பிரஷரை அவ்வளவாக விழுத்தாது.

சரி, நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டியவை. குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் கடும் காய்ச்சல் வந்ததா, விழிக்கப் பிந்தியதா? இரண்டுமே பரம்பரையாக வரக்கூடியவை. முன்பே தெரிந்தால் சக்சமெத்தோனியம் போன்ற மருந்துகளைத் தவிர்ப்பார்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், குளோபிடோகிரெல் எடுப்பவருக்கு முதுகு ஊசியால் உள்ளே இரத்தம் கசியலாம். அதைச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆடும் பல், இன்ஹேலர், நாட்டு மருந்து, எதையும் மறைக்க வேண்டாம்.

சாப்பாடு 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். பால் தேத்தண்ணியும் சாப்பாட்டுக் கணக்குத்தான். வெறும் தண்ணீர் பொதுவாக 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். வார்டில் வேறு நேரம் சொன்னால் அதுவே முடிவு. மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

சிங்களம் அவ்வளவு வராதென்றால், நன்றாகப் பேசும் ஒருவரைக் கூட்டிப் போங்கள். விளங்கிய பிறகே சம்மதப் படிவத்தில் கையெழுத்து வையுங்கள்.