மாணவரின் வேடிக்கையும் ஆசிரியரின் வாயும்: ஜெர்மன் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியில் குடியேறியோருக்காக 2005 முதல் நடைபெறும் ஒருங்கிணைப்பு வகுப்புகளில் மொழிக்கு 600 பாடவேளைகளும், சட்டம், வரலாறு, பண்பாடு ஆகியவற்றுக்கு 100 பாடவேளைகளும் உண்டு. அங்கே கற்பிக்கும் நான், பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்கள் என் பழைய தவறுகளையே திரும்பச் செய்வதைக் காண்கிறேன். உச்சரிப்பைக் கேலி செய்யலாகாது என்பது எவருக்கும் தெரியுமாதலால் அதை விட்டுவிடுகிறேன்.

மாணவர் தம்மைப் பற்றிச் சொன்ன வேடிக்கையை நாம் எடுத்தாளுவது

இன்றும் என்னை உறுத்துவது இதுவே. அரபு மொழியில் ‘பஸ்’ என்பதன் முதலொலி உண்டு; ‘படம்’ என்பதன் முதலொலி இல்லை. ஹோம்ஸ் நகரில் மருந்தாளுநராக இருந்த ஐம்பது வயது மாணவர் ஒருவர், அவ்வொலியில் பலமுறை இடறிய ஒரு நாளில், “வீட்டையும் கடையையும் சிரியாவில் விட்டுவந்தேன், இந்த ஒலியோ அங்கும் என்னிடம் இருந்ததில்லை” என்றார். வகுப்பே சிரித்தது. எளிய வாக்கியத்துக்கும் திணறிக்கொண்டிருந்தவர், தாம் எத்தகைய மனிதர் என்பதை எங்களுக்கு முதன்முறையாகக் காட்டிய தருணம் அது.

அடுத்த தொகுதியில் புதியவர்கள் சேர்ந்தபோது, அவரை “அந்த ஒலி இல்லாதவர்” என்று நானே அறிமுகப்படுத்தினேன். அவர் புன்னகைத்தார். அவர் சொன்னபோது சாதுரியமாக இருந்தது, பிழை திருத்தும் உரிமை பெற்ற என் வாயிலிருந்து வந்தபோது அவர்மீது குத்திய முத்திரையாகிவிட்டது. அதன்பின் அவ்வொலி வரும் சொற்களை அவர் ஒவ்வொன்றாக ஒதுக்கிவந்ததை நான் பல வாரங்கள் கவனிக்கவேயில்லை. மருந்தாளுநரை ஜெர்மனில் ‘அப்போதேகர்’ என்பார்கள். அச்சொல்லிலேயே அவ்வொலி இருக்கிறது. தன்னறிமுகத்தில் தொடங்கும் வாய்மொழித் தேர்வுக்கான ஒத்திகையில் அவர், “நான் மருந்து விற்றேன்” என்றார்.

இப்போது நான் மாணவருடன் சேர்ந்து சிரிப்பதோடு நின்றுவிடுகிறேன். அந்த வேடிக்கையை மறுநாள் எடுக்கும் உரிமை சொன்னவருக்கே உரியது.

வேடிக்கையின் நடுவே இலக்கணம் திருத்துவது

‘சிறுமி’யைக் குறிக்கும் ஜெர்மன் சொல், நம் அஃறிணைக்கு நிகரான பாலில் அடங்கும். “இங்கு வந்ததும் என் மகள் ஒரு பொருளாகிவிட்டாள்” என்று உக்ரைனியத் தாய் ஒருவர் சொல்லத் தொடங்கியதும், பயிற்சி ஆசிரியர் வினைச்சொல்லின் இடத்தைத் திருத்தினார். அந்தத் தாய் வாக்கியத்தைத் திருத்திச் சொன்னார். ஆனால் எவரும் சிரிக்கவில்லை.

“உங்கள் நாட்டு நகைச்சுவை ஒன்று சொல்லுங்கள்” என்பது

கேட்காதீர்கள்.

தாய்மொழியில் சிரிப்பவர்களைச் சந்தேகிப்பது

பெரும்பாலும் அவர்கள் உங்களைப் பற்றிப் பேசவில்லை.