துபாய்க்கு வேலைக்கு வரும் ஆசிரியத் தம்பதிக்கு: பட்டச் சான்றிதழ் முதல் வீட்டுச் சாவி வரை

நான் கணக்கு டீச்சர். என் கணவர் இயற்பியல். துபாயில் இந்தியப் பாடத்திட்டம் நடத்தும் பள்ளி ஒன்றில் இருவருக்கும் ஒரே நாளில் நேர்காணல் நடந்தது, ஒரே நாளில் வேலையும் கிடைத்தது. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு இங்கே ஏப்ரலில்தான் கல்வியாண்டு தொடங்கும். அவர் மார்ச் கடைசியில் விமானம் ஏறிவிட்டார். நான் ஜூன் இரண்டாம் வாரம்தான் வந்து சேர்ந்தேன். நான் வந்த மூன்றாம் வாரம் கோடை விடுமுறை விட்டுவிட்டார்கள்.

இடையில் போன இரண்டரை மாதமும் என் பெயருக்குப் பின்னால் இருந்த ஒரே ஓர் எழுத்தால் போனது. இன்னொரு தம்பதிக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். விமான டிக்கெட், பெட்டி கட்டுவது இவையெல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றுக்குள் போகவில்லை.

முதல் வேலை: இனிஷியலைச் சரிபாருங்கள்

உங்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், பி.எட். சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் வரிசையாகத் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுத்துக்கு எழுத்து எழுதிக்கொள்ளுங்கள். தயவுசெய்து மனக்கணக்காகப் பார்க்காதீர்கள். நாற்பது வயது வரை நம் பெயரை நாமே படித்துப் பழகியதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வோம். சுப்பையா மகள் மலர்விழி, முருகேசனைத் திருமணம் செய்தவர். பட்டத்தில் "மலர்விழி சு". திருமணச் சான்றில் "சு. மலர்விழி". திருமணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட்டில் பெயர் மலர்விழி, குடும்பப் பெயர் முருகேசன். நம் ஊரில் இது ஒரே பெண் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். இனிஷியல் என்ற வழக்கமே இல்லாத நாட்டில் தாளைப் பார்ப்பவருக்கு, பட்டம் வாங்கியவர் ஒருவர், விசா கேட்பவர் இன்னொருவர். என் கோப்பு நின்றது இந்த இடத்தில்தான். பட்டம், திருமணச் சான்று, பாஸ்போர்ட் மூன்றும் ஒரே ஆளுடையவை என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அதையும் சேர்த்து மறுபடி முதலிலிருந்து அனுப்பிய பிறகுதான் நகர்ந்தது.

இதில் என் கருத்து உறுதியானது. இனிமேல்தான் பாஸ்போர்ட் எடுக்கப்போகிறீர்கள் என்றால், பெண்கள் குடும்பப் பெயர் கட்டத்தில் பட்டத்தில் உள்ள இனிஷியலின் விரிவையே, அதாவது அப்பா பெயரையே போடுங்கள். கணவர் பெயருக்கு என்று பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தனி இடம் இருக்கிறது, அங்கே போதும். திருமணமானால் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. அதே போல, குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுக்காதீர்கள். 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தபோது அதிகம் தவித்தவர்களில் நம் தமிழ் ஆட்களும் உண்டு.

அட்டெஸ்டேஷன்

சான்றிதழ் உண்மையானது என்று ஒவ்வோர் அலுவலகமாக முத்திரை வாங்குவதுதான் அட்டெஸ்டேஷன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், சான்றிதழை லேமினேஷன் செய்யாதீர்கள். அசல் தாளின் பின்பக்கத்தில்தான் முத்திரையும் கையெழுத்தும் ஒன்றன்பின் ஒன்றாக விழும். செய்து வைத்திருந்தால் அதைப் பிரிக்கத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். நீங்களே பிரித்தால் எழுத்து பிளாஸ்டிக்கோடு வந்துவிடும்.

பட்டச் சான்றிதழ் போகும் வழி இது. பல்கலைக்கழகத்தின் சரிபார்ப்பு, சென்னை தலைமைச் செயலகத்தில் உயர்கல்வித் துறை, இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியாக அமீரகத்தின் வெளியுறவு அமைச்சகம். திருமணச் சான்றும் இதே போலத்தான், ஆனால் தலைமைச் செயலகத்தில் அதற்கு வேறு துறை. கோயிலில் தந்த ரசீதோ மண்டபத்துப் பத்திரிகையோ செல்லாது. பதிவு அலுவலகச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் 2009 முதல் திருமணப் பதிவு கட்டாயம். அதற்கு முன் மணமாகிப் பதியாமல் விட்டவர்கள் இப்போதே பதிந்துவிடுங்கள்.

"எங்கள் இருவருக்கும் தனித்தனி வேலை விசா, திருமணச் சான்று எதற்கு?" என்று கேட்காதீர்கள். பிள்ளைகளை அழைத்துவரும்போது கேட்பார்கள். ஒருவர் வேலையை விட்டு மற்றவர் விசாவுக்கு மாறும்போதும் கேட்பார்கள். அன்றைக்கு இங்கிருந்து ஊருக்குக் கூரியரில் அனுப்பி வாங்குவது பெரிய அலைச்சல்.

ஆசிரியர்களுக்குக் காவல்துறை நற்சான்றும் தேவை. அதைப் பாஸ்போர்ட் சேவா வழியாக விண்ணப்பிக்கலாம். அட்டெஸ்டேஷனுக்கு ஏஜென்ட் வைப்பதில் தவறில்லை, நாங்களும் வைத்தோம். ஆனால் எந்தத் தாள் எந்த அலுவலகத்தில் எந்தத் தேதியில் இருக்கிறது என்பதை ஒரு நோட்டில் நீங்களே எழுதுங்கள். செயலிகளைவிட நாற்பது பக்க நோட்டுதான் எனக்குக் கைகொடுத்தது.

வேலைக் கடிதத்தில் மூன்று வரி

கையெழுத்துப் போடுமுன் பார்க்க வேண்டியவை பல இருந்தாலும் தம்பதிகள் இந்த மூன்றைக் கட்டாயம் பாருங்கள்.

அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். மொத்தம் 6,000 திர்ஹம் என்று சொல்வார்கள். அதில் அடிப்படை 2,500 ஆகவும் இருக்கலாம், 4,000 ஆகவும் இருக்கலாம். வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்று கணக்கிடப்படும். படிகள் அதில் சேராது.

இரண்டாவது, வீட்டுப்படி. இருவரும் ஒரே பள்ளி என்றால் ஒருவருக்கு மட்டும் தருவது பல இடங்களில் வழக்கம். நேர்காணலில் வாய்மொழியாக "பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள், எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, மனைவிக்கு எந்த விசா என்பது. கணவர் ஸ்பான்சர் செய்யும் விசாவில் இருந்தால் பள்ளி வேலை அனுமதி மட்டும் எடுத்தால் போதும். அவர்களுக்குச் செலவு குறைவு என்பதால் அதையே சொல்வார்கள். அதில் ஒரு வசதி உண்டு, மனைவி பள்ளி மாறினால் குடியிருப்பு விசா ரத்தாகாது. ஆனால் கணவர் வேலை போனால் இருவர் விசாவும் சேர்ந்து போகும். நான் தனி விசா கேட்டு வாங்கினேன். குடும்பத்தில் இரண்டு சம்பளம் இருப்பது போல இரண்டு விசாவும் தனித்தனியே நிற்கட்டும் என்பது என் விருப்பம்.

வந்து இறங்கியதும்

ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, கைரேகை, எமிரேட்ஸ் ஐடி என்னும் அடையாள அட்டை. இதைப் பள்ளியின் ஆள் கூடவே வந்து முடித்துவிடுவார். பாஸ்போர்ட்டைக் காட்டினால் சிம் கார்டு கிடைக்கும். வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், பேச முடியாது. இங்கிருந்து பேச உதவும் போட்டிம் செயலியை அம்மாவின் போனில் ஊரிலேயே போட்டு, ஒரு தடவை பழக்கிவிட்டு வாருங்கள்.

வீடு

இங்கேதான் புதிதாக வருபவர்கள் ஒரு வட்டத்துக்குள் சிக்குவார்கள். வீடு பிடிக்க முன்தேதியிட்ட காசோலை கேட்பார்கள். காசோலைப் புத்தகத்துக்கு வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குக்கு எமிரேட்ஸ் ஐடி வேண்டும். ஐடி வந்தாலும் முதல் சம்பளம் விழட்டும் என்பார்கள். குடும்பத்தை அழைக்கவோ வாடகை ஒப்பந்தப் பதிவு வேண்டும்.

என் கணவர் இதை உடைத்த விதம் எளிது. முதல் ஒன்றரை மாதம் வீடே தேடவில்லை. பள்ளி தந்த தற்காலிக அறையில் இருந்தார். பள்ளி தராவிட்டால் மாத வாடகைக்குக் கிடைக்கும், சாமான்களோடு கூடிய ஸ்டுடியோ எடுங்கள். கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் அவசரத்தில் ஓராண்டு ஒப்பந்தம் போடுவதைவிட மேல். அந்த நாட்களில் பள்ளி வண்டி எந்தெந்த வழியில் ஆசிரியர்களை ஏற்றுகிறது என்று விசாரியுங்கள். எங்கள் வீட்டை நாங்கள் தேர்ந்தெடுத்ததே வண்டி நிற்கும் இடத்தை வைத்துத்தான்.

இனி கணக்கு. ஆண்டு வாடகை 60,000 திர்ஹம், நான்கு காசோலை என்று வையுங்கள். சாவி கைக்கு வரும் வாரத்தில் தேவைப்படுவது:

- முதல் காசோலை 15,000
- முன்பணம் 5 சதவீதம், 3,000
- தரகர் கட்டணம் வழக்கமாக 5 சதவீதம், 3,000
- மின்சாரம், தண்ணீர் தரும் டேவா நிறுவனத்துக்கு வைப்புத்தொகை 2,000
- இஜாரி என்னும் ஒப்பந்தப் பதிவு சுமார் 220

ஆக 23,220. நீங்கள் அதுவரை ஒரு மாதச் சம்பளம்தான் வாங்கியிருப்பீர்கள். ஊரிலிருந்து கொண்டுவரும் சேமிப்பு இதற்குத்தான், தங்கமாக மாற்றிவிடாதீர்கள். முதல் மின்கட்டணம் வந்ததும் பயப்படவும் வேண்டாம். ஆண்டு வாடகையில் 5 சதவீதம் நகராட்சிக் கட்டணமாகப் பன்னிரண்டு தவணையில் அதிலேயே சேர்ந்து வரும். மேலே சொன்ன வீட்டுக்கு மாதம் 250. குளிர்சாதனத்துக்குத் தனி நிறுவனம் பில் போடுகிறதா, வாடகையிலேயே சேர்ந்ததா என்று முன்பே கேளுங்கள். கோடையில் அது பெரிய தொகை.

காசோலை எழுதும்போது உரிமையாளர் பெயரை வீட்டுப் பத்திரத்தில் உள்ளபடியே எழுதுங்கள். தரகர் பெயருக்கு வாடகைக் காசோலை வேண்டவே வேண்டாம், ரொக்கமும் வேண்டாம். கையெழுத்து விஷயத்தில் நான் பயந்தேன், ஏனென்றால் நான் தமிழில்தான் கையெழுத்திடுவேன். வங்கியில் தடை சொல்லவில்லை. பாஸ்போர்ட்டில் உள்ளதும் வங்கியில் போட்டதும் காசோலையில் போடுவதும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படிவம் நிரப்ப டைப்பிங் சென்டர் போங்கள். எங்களுக்கு வாய்த்த மலையாளச் சேட்டன், "டீச்சரே, ஸ்பெல்லிங் ஒரு தடவை கூட நோக்கு" என்று திரையை என் பக்கம் திருப்பினார். உண்மையிலேயே ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.

பெட்டியில் வேண்டாதது, வேண்டியது

கசகசா கொண்டு வராதீர்கள். குருமாப் பொடி, வீட்டில் அரைத்த கறி மசாலா எதிலும் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட போதைப்பொருள் வகையில் வருகிறது. அம்மாவும் அத்தையும் அன்பாகக் கட்டித்தரும் பொட்டலத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள். குருமாவுக்கு முந்திரியும் தேங்காயும் போதும். கோடீன், டிராமடால் கலந்த மருந்துகளுக்கு முன் அனுமதி வேண்டும், இருமல் மருந்தையும் படித்துப் பாருங்கள்.

மிக்ஸியைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். மின்னழுத்தம் நம் ஊர் அளவுதான், பிளக்கின் முள் மட்டும் செவ்வகம், ஓர் அடாப்டர் போதும். இட்லி அரிசி, உளுந்து, நல்லெண்ணெய், கறிவேப்பிலை எல்லாம் துபாயின் கராமா பகுதியில் கிடைக்கும், சுமக்காதீர்கள்.

மெட்ரோவுக்கு வெள்ளி நோல் அட்டை எடுங்கள். 25 திர்ஹம், அதில் 19 பயணத்துக்கு. ஒரே மண்டலத்துக்குள் 3, பக்கத்து மண்டலத்துக்கு 5, அதைத் தாண்டினால் 7.50. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப்பகுதி உண்டு. தரையில் இளஞ்சிவப்புக் கோடு இருக்கும். பேச்சு சுவாரசியத்தில் கணவர் அந்தக் கோட்டைத் தாண்டி வந்தால் அபராதம் 100.

பிற்சேர்க்கை

இதன் முதல் வடிவத்தைப் படித்துவிட்டு இருவர் கேட்டவை.

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி, பி.எட். தொலைநிலைக் கல்வியில் படித்ததாக எழுதியிருந்தார். சகோதரி, அதை மறைக்காமல் முதல் நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள். பட்டத்துக்கு அங்கீகாரம் கேட்கும்போது நேரடி வகுப்பா, தொலைநிலையா என்று பார்க்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு வந்தபின் தெரிவதைவிட, அங்கே இருக்கும்போதே பள்ளி என்ன சொல்கிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு தம்பி, வாடகையைக் குறைக்க நண்பர் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கலாமா என்று கேட்டார். தம்பி, ஒப்பந்தம் அனுமதித்தால் மட்டும் இருங்கள், உங்கள் இருவர் பெயரும் உடன் வசிப்போராகப் பதிவாகட்டும். துபாய் நிலத்துறையின் துபாய் ரெஸ்ட் செயலியில் அதற்கு இடம் இருக்கிறது. அட்டைத் தடுப்பு வைத்துப் பிரித்த அறைகளுக்குப் போக வேண்டாம், அதிகாரிகள் சோதனை போடுகிறார்கள்.

அவருக்குப் பதில் எழுதியபோதுதான் எங்கள் வீட்டையே பார்த்தேன். ஒப்பந்தம் போட்டபோது நான் ஊரில் இருந்ததால் என் பெயர் எங்குமே இல்லை. அன்று இரவே அவர் போனை வாங்கி என் எமிரேட்ஸ் ஐடி எண்ணைச் சேர்த்தோம். எழுத்துக்கூட்டி நானே ஒரு தடவை படித்துப் பார்த்த பிறகுதான் சேமிக்கச் சொன்னேன்.