ரெய்டு சிதைந்த நாஸ் பெட்டியிலிருந்து கோப்புகளை மீட்பது எப்படி? உப்புக்காற்று ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்முறை

நாஸ் பெட்டி, அதாவது பல டிஸ்க்குகளை வைத்து வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி, விடாமல் பீப் அடிக்கிறது. முகப்பில் சிவப்பு விளக்கு. நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் 'வால்யூம் கிராஷ்டு' என்று ஓர் அறிவிப்பு, பக்கத்திலேயே பழுது பார்த்துத் தருவதாக ஆசை காட்டும் ஒரு பொத்தான். அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள். பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு என்ற அமைப்பு நின்றுபோகும்போது கோப்புகள் பெரும்பாலும் டிஸ்க்குகளில் அப்படியேதான் இருக்கின்றன. அதன் பிறகு பதற்றத்தில் நாம் செய்யும் ரீபில்டு (புது டிஸ்க்கில் தகவலை மறுபடி எழுதுவது), இனிஷியலைஸ் (டிஸ்க்கைப் புதியதுபோல் தொடங்குவது), பார்மட் ஆகியவைதான் அவற்றை அழிக்கின்றன.

ராமநாதபுரம் கடற்கரையில் இத்தகைய பெட்டிகள் நாம் நினைப்பதைவிட அதிகம். கீழக்கரையில் நிக்காஹ் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரர்கள், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் வீடுகள், மன்னார் வளைகுடாவில் நீருக்கடியில் படம் பிடிப்பவர்கள் என்று பலரிடம் இருக்கின்றன. இந்த விளக்கம் அவர்களுக்காக. லினக்ஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும்.

முதலில், உள்ளே நடப்பது என்ன?

வீட்டு நாஸ்களில் பரவலாக இருப்பது ரெய்டு 5. நான்கு டிபி (டெராபைட்) டிஸ்க் நான்கு போட்டால் பயன்படுத்தக் கிடைப்பது 12 டிபி. மீதி நான்கு டிபி 'பாரிட்டி' என்ற சரிபார்ப்புத் தகவலுக்குப் போகிறது. மூன்று படகுகளின் மீன் எடையை மூன்று சீட்டிலும் மொத்தத்தை நான்காவது சீட்டிலும் எழுதி வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு சீட்டு தொலைந்தால் மற்ற மூன்றை வைத்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு தொலைந்தால் முடியாது. ரெய்டு 5 ஒரு டிஸ்க்கின் இழப்பைத் தாங்கும், ரெய்டு 6 இரண்டைத் தாங்கும், ரெய்டு 0 ஒன்றைக்கூடத் தாங்காது. ரெய்டு 1 முழு நகல் என்பதால் மீட்பது எளிது.

அப்படியானால் இரண்டு டிஸ்க் போன ரெய்டு 5-ஐ எப்படி மீட்பது? 'போனது' என்று பெட்டி சொல்வதற்கும் டிஸ்க் உண்மையிலேயே செத்துப்போவதற்கும் தூரம் அதிகம். சில இடங்களைப் படிக்க முடியாவிட்டாலே போதும், பெட்டி அந்த டிஸ்க்கைத் தள்ளி வைத்துவிடும். அதில் 99 விழுக்காட்டுக்கு மேல் படிக்கக்கூடியதாக இருக்கலாம். பழைய டிஸ்க்கைக் கழற்றிப் புதியது போட்டு ரீபில்டு ஓடும்போதுதான் இரண்டாவது டிஸ்க் பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும். அதுவரை தொடாமலே கிடந்த மூலை முடுக்குகளையெல்லாம் அப்போதுதான் பெட்டி ஒரே மூச்சில் படிக்கிறது.

படி 1: நிறுத்துங்கள், குறித்து வையுங்கள்

நிர்வாகப் பக்கம் இன்னும் திறக்கிறது என்றால் லாக் (நிகழ்வுப் பதிவு) பக்கத்தையும் ஸ்டோரேஜ் பக்கத்தையும் கைபேசியில் படம் எடுங்கள். எந்த டிஸ்க் எந்தத் தேதியில் விழுந்தது என்பது பின்னால் மிகவும் முக்கியம். பிறகு முறைப்படி ஷட்டவுன் செய்யுங்கள். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் லாக்கும் வேண்டாம், படமும் வேண்டாம், உடனே நிறுத்துங்கள்.

வெளியே எடுக்கும்போதே ஒவ்வொரு டிஸ்க்கிலும் அது இருந்த அறையின் எண்ணை மார்க்கரால் எழுதி, ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ரீபில்டுக்காக முன்பே கழற்றி மேசை இழுப்பறையில் போட்ட பழைய டிஸ்க் இருந்தால் அதையும் தேடி எடுங்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

படி 2: உப்பைச் சந்தேகியுங்கள்

மற்ற ஊர்களுக்கு எழுதப்பட்ட விளக்கங்களில் இந்தப் படி இருக்காது. நமக்கு இதுதான் முதல் சோதனை. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயில்கள் நின்றன. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை வைத்திருக்கிறார்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் தன் அரிப்புச் சோதனை நிலையத்தை மண்டபத்தில் வைத்திருப்பதும் காரணமில்லாமல் இல்லை. இரும்புத் தூணைத் தின்னும் காற்று, உங்கள் டிஸ்க்கின் இணைப்பு முனைகளை விட்டுவைக்குமா? கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலோரம் வைத்த பெட்டி என்றால் சொல்லவே வேண்டாம்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கும் பதிவேட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை பென் டிரைவிலிருந்து இயக்கி, ஒரு நேரத்தில் ஒரு டிஸ்க்கை மட்டும் இணைத்து, அதிலுள்ள 'டிஸ்க்ஸ்' செயலியைத் திறந்தால் இந்தப் பதிவேடு தெரியும். பார்க்க வேண்டிய வரிசை எண்கள் நான்கு. 5, 197, 198 ஆகியவற்றில் எண்ணிக்கை ஏறியிருந்தால் தட்டின் பரப்பில் பழுது. அவை பூஜ்யமாக இருந்து 199 மட்டும் எக்கச்சக்கமாக இருந்தால் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. கேபிளிலோ இணைப்பு முனையிலோதான் கோளாறு.

பச்சை அல்லது வெள்ளைப் பூச்சு படிந்த முனைகளை 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் மெதுவாகத் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். டிஸ்க்கில் பொருத்தியிருக்கும் மின்பலகையை இன்னொரு டிஸ்க்கின் பலகையோடு மாற்றாதீர்கள். ஒவ்வொன்றிலும் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய குறிப்புகள் பதிந்திருக்கும். மேல் மூடியைத் திறப்பது என்ற பேச்சே கூடாது.

டிஸ்க் கடல் நீரிலோ வெள்ளத்திலோ நனைந்திருந்தால் மின்சாரம் கொடுக்கவே வேண்டாம். டக் டக் சத்தம் போடுவதும், கணினியில் தெரியவே தெரியாததும் வீட்டு வேலை அல்ல. தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்பு ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். செய்தித்தாளில் சுற்றி மதுரை பஸ்ஸில் பார்சல் போட்டுவிடாதீர்கள். ஆன்டி-ஸ்டாடிக் பையில் இட்டு, நாலாபுறமும் தடிமனான நுரை வைத்து அனுப்புங்கள்.

படி 3: இடம், மின்சாரம், நேரம்

செலவு பிடிக்கும் கட்டம் இது. டிஸ்க்குகளின் நகலை வைக்க ஓர் இடமும், மீட்ட கோப்புகளை வைக்க இன்னோர் இடமும் வேண்டும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில், முதலில் விழுந்ததை விட்டு மற்ற மூன்று டிஸ்க்குகளின் நகலுக்கு 12 டிபி. பெட்டியில் ஐந்து டிபி கோப்பு இருந்தால் அதற்கு இன்னும் ஐந்து. அவ்வளவு டிஸ்க் வாங்க வேண்டுமா என்று கை தயங்கும். மூல டிஸ்க்கிலேயே வேலை செய்து பார்க்கலாம் என்று தோன்றும். பழுதான டிஸ்க்குக்கு இன்னும் எத்தனை மணி நேரம் ஆயுள் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கொஞ்ச ஆயுளைச் சோதனைகளில் செலவழிப்பதைவிடக் கடன் வாங்கியாவது புது டிஸ்க் வாங்குவது மேல்.

டிஸ்க்குகளை சாட்டா என்ற டிஸ்க் கேபிளில் நேரடியாக இணைக்கக்கூடிய மேசைக் கணினி வேண்டும். டிஸ்க்கைச் செருகி யூஎஸ்பி வழியாக இணைக்கும் சில டாக்குகள் டிஸ்க்கின் பிழைகளைச் சரியாகத் தெரிவிப்பதில்லை. நல்ல நிலையிலுள்ள நான்கு டிபி டிஸ்க், நொடிக்கு 150 எம்பி வேகத்தில் நகலாக ஏழெட்டு மணி நேரம் ஆகும். பழுதானதற்கு நாள் கணக்கும் ஆகலாம். ஆகவே கணினி யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடியில் கணினி அணைந்துவிடும் வீடுகள் நிறைய.

படி 4: நகல் எடுங்கள்

இதற்கு ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியே போதும். சாதாரண நகலி, படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். இது தாண்டிப் போய், நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பதை 'மேப்' கோப்பு ஒன்றில் எழுதிக்கொண்டே போவதால், மின்சாரம் போய்விட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த மேப் கோப்பைப் புது டிஸ்க்கில் சேமியுங்கள். பென் டிரைவிலிருந்து ஓடும் உபுண்டுவின் மேசைத்திரையில் வைத்தால், கணினி அணைந்ததும் அதுவும் காணாமல் போகும்.

கட்டளையில் மூன்று பெயர்கள் வரும்: முதலில் பழைய டிஸ்க், அடுத்து நகல் கோப்பு, கடைசியில் மேப் கோப்பு. முதல் இரண்டும் இடம் மாறினால் எல்லாம் போச்சு. எனவே என்டர் தட்டும் முன் 'டிஸ்க்ஸ்' செயலி காட்டும் சீரியல் எண்ணைத் தாளில் எழுதியதோடு ஒத்துப் பாருங்கள். புது டிஸ்க்கின் பார்மட் வகை எக்ஸ்டி4 அல்லது என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும். ஃபேட்32-இல் நான்கு ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு நிற்காது. முதல் ஓட்டத்தில் கெட்ட இடங்களைச் சுரண்ட வேண்டாம் என்ற தெரிவோடு ஓடவிடுங்கள். இரண்டாம் ஓட்டத்தில் மூன்று முறை மறுமுயற்சி என்று கொடுத்தால் போதும். முழுமைக்கு ஆசைப்பட்டு நூறு முறை முயன்றால் ஊசலாடும் டிஸ்க் அங்கேயே நின்றுவிடும்.

விண்டோஸ் கணினியில் இணைத்தால் இனிஷியலைஸ் செய்யவா, பார்மட் செய்யவா என்று கேட்கும். இரண்டுக்கும் கேன்சல்.

படி 5: ரெய்டை மறுபடி அடுக்குங்கள்

மூல டிஸ்க்குகளைப் பத்திரப்படுத்திவிட்டு, இனி நகல் கோப்புகளோடு மட்டும் வேலை செய்யுங்கள்.

வீட்டு நாஸ்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸின் எம்டி ரெய்டு. அது ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு குறிப்பு எழுதி வைக்கிறது: வரிசையில் எத்தனையாவது, தகவலைப் பிரித்து வைக்கும் துண்டின் அளவு என்ன, கடைசியாகப் புதுப்பித்தது எப்போது என்று. எம்டி ரெய்டைக் கையாளும் எம்டிஆடம் கருவியின் 'எக்ஸாமின்' தெரிவு இந்தக் குறிப்பை எதையும் எழுதாமல் படித்துக் காட்டும். அதில் 'ஈவன்ட்ஸ்' என்ற எண்ணைக் கவனியுங்கள், புதுப்பிக்கும்போதெல்லாம் ஏறும் எண் அது. மூன்று டிஸ்க்குகளில் 48210, 48210, 48207 என்றும் நான்காவதில் 31955 என்றும் இருந்தால், நான்காவது எப்போதோ விழுந்துவிட்டது. அதில் இருப்பது பழைய கதை. முதல் மூன்றைச் சேருங்கள், நான்காவதை விட்டுவிடுங்கள். பழையதைச் சேர்த்தால் புதுக் கோப்புகளுக்குள் பழைய துணுக்குகள் கலந்து குழம்பிவிடும். நான்காவதில் சத்தமே இல்லையே, நல்ல டிஸ்க்தானே என்று தோன்றினாலும் அப்படித்தான்.

தொடக்கநிலையில் இருப்பவர்கள் அடுக்கும் வேலையை யூஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர் அல்லது ஆர்-ஸ்டூடியோ போன்ற மென்பொருளில் செய்யுங்கள் என்பேன். நகல் கோப்புகளைத் திறந்ததும் அவை குறிப்பைப் படித்துத் தாமாகவே அடுக்கிக் காட்டும். மூலத்தில் எதையும் எழுதாது. கோப்புகளைப் பார்க்கும் வரை காசு கேட்காது. முழுமையாக வெளியே எடுக்கத்தான் உரிமம். எம்டிஆடமிலேயே இலவசமாக முடிக்கலாம்தான். ஆனால் 'ஃபோர்ஸ்', 'கிரியேட்' என்ற தெரிவுகளை இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று மூல டிஸ்க்கின் மேல் ஏவி, குறிப்பை அழித்துக்கொள்பவர்கள் ஏராளம். நாஸ் தயாரிக்கும் சினாலஜியின் எஸ்எச்ஆர் என்ற ரெய்டு வகை, எம்டி ரெய்டின் மேல் எல்விஎம் என்ற, இடத்தைப் பங்கிடும் அடுக்கு வைத்தது, உபுண்டுவிலும் திறக்கும். இன்னொரு தயாரிப்பாளரான கியூநாப் தன் எல்விஎம்மை மாற்றி வைத்திருப்பதால் சாதாரண உபுண்டுவில் பல நேரம் திறக்காது. அங்கே மென்பொருளைத்தான் நம்ப வேண்டும்.

படி 6: பெரிய கோப்பைத் திறந்து பாருங்கள்

கோப்புறைகள் வரிசையாகத் தெரிந்ததும் மகிழ்ச்சியில் மொத்தமாக நகலெடுக்கத் தொடங்கிவிடாதீர்கள். ரெய்டு தகவலைத் துண்டு துண்டாகப் பிரித்து வைக்கிறது. ஒரு துண்டு 64 கேபி முதல் 512 கேபி வரை இருப்பது வழக்கம். ஒரே துண்டுக்குள் அடங்கும் சின்னப் படம், டிஸ்க் வரிசை தப்பாக இருந்தாலும் சரியாகத் திறக்கக்கூடும். எனவே இரண்டு மூன்று ஜிபி அளவுள்ள கல்யாண வீடியோ ஒன்றை எடுத்து நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். கட்டம் கட்டமாகச் சிதறினால் வரிசையோ துண்டளவோ தப்பு, அல்லது பழைய டிஸ்க் உள்ளே புகுந்திருக்கிறது. படி 5-க்குத் திரும்புங்கள். நகலில்தான் வேலை செய்கிறீர்கள், எத்தனை முறை தப்பினாலும் நட்டமில்லை.

சரியாக ஓடினால் வெளியே எடுக்கத் தொடங்குங்கள். வேறெங்கும் பிரதி இல்லாதவை முதலில், கணக்கு வழக்குகள் அடுத்து, இறக்கி வைத்த சினிமாக்கள் கடைசியில். கோப்புறை அமைப்பே உடைந்துபோயிருந்தால் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் படங்களையும் வீடியோக்களையும் தோண்டித் தரும். பெயரும் தேதிவாரிக் கோப்புறையும் திரும்பக் கிடைக்காது.

மீட்டவற்றை வீட்டிலுள்ள நான்கு பேர் திறந்து பார்த்து, விட்டுப்போனது எதுவும் இல்லை என்று சொல்லும் வரை பழைய டிஸ்க்குகளையும் நகல் கோப்புகளையும் அழிக்க வேண்டாம். அந்த டிஸ்க்குகளை ஜிப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, அறை எண் எழுதிய பக்கம் வெளியே தெரியும்படி, கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ப்பக்க அலமாரியில் வையுங்கள்.