படர்தாமரை: களிம்பு போடும் முன் ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்

அரைஞாண் கயிறு உரசும் இடத்தில் காசு அளவுக்குச் சிவப்பாக ஆரம்பிக்கும். அப்புறம் வளையமாகப் பரவும். ஓரம் தடித்துச் செதில் உதிரும், நடுவில் தோல் ஆறியது போலத் தெரியும். இதுதான் படர்தாமரை. தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வளரும் பூஞ்சை. வியர்வையும் ஈரமும் அதற்குக் கொண்டாட்டம்.

முதலில், வீட்டில் இருக்கும் களிம்பு ட்யூபின் பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. ஓரமாக வைத்துவிடுங்கள். "அரிப்புக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டு நானும் அப்படி ஒன்றை வாங்கிப் போட்டவன்தான். இரண்டே நாளில் அரிப்பு போனது. நிறுத்தியதும் இடுப்பில் இருந்தது தொடைவரை இறங்கிவிட்டது. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து வரி வரியாகக் கோடு விழும்.

அடுத்து, ஸ்டீராய்டு கலக்காத குளோட்ரிமசோல் 1% என்ற பூஞ்சைக்கான கிரீம். குளித்து, ஈரம் போகத் துடைத்து, காலையும் இரவும் மெல்லிசாகத் தடவுங்கள். வளையத்துக்கு வெளியே 2 செ.மீ. வரை நல்ல தோலிலும் போட வேண்டும். பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயும் போயிருக்கும். வளையம் மறைந்த பிறகும் ஒன்று இரண்டு வாரம் விடாதீர்கள். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். பின்னால் தங்கும் கறுப்புத் தடம் நோய் அல்ல, மெதுவாக மங்கும்.

சரி, துணி. உள்ளாடையையும் துண்டையும் சுடுநீரில் துவைத்து, உள்புறம் வெளியே வரும்படி வெயிலில் காயப்போடுங்கள். துண்டு ஆளுக்கு ஒன்று. ஈரத்திலேயே ஊறும் அரைஞாண் கயிற்றைக் குணமாகும்வரை கழற்றி வையுங்கள். பாட்டி திட்டினால் திட்டட்டும். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே வைத்தியம் பாருங்கள், இல்லாவிட்டால் மாறி மாறி ஒட்டிக்கொண்டே இருக்கும்.

தலையிலோ நகத்திலோ வந்தால், சர்க்கரை நோய் இருந்தால், கர்ப்பமாக இருந்தால், இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் தோல் மருத்துவரிடம் போங்கள். டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கே மசியாத பூஞ்சை இப்போது நம் ஊரில் சுற்றுகிறது. மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இதுவரை போட்ட ட்யூப்களைப் பையில் எடுத்துப் போங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் அவரே பார்த்துக்கொள்வார்.